எல்லோருக்கும் வேண்டிய துறைமுகம், ஒருவரும் கேளாத ஊர்

2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் இந்தியாவுடன் ஏழு புரிந்துணர்வு உடன்படிக்கைகள் கைச்சாத்தாகின. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பார்வை திரும்பத் திரும்பத் திருகோணமலையிலேயே வந்து நிற்கிறது. இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது ஒன்று. கிழக்கு மாகாணத்துக்கான நன்கொடை உதவி இன்னொன்று. பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான உடன்படிக்கை முழு நாட்டுக்கும் உரியது; ஆனாலும் இலங்கைக் கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகமும் டொக்யார்டும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு அது முதலில் எந்தக் கரையைத் தொடும் என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அன்றைக்கே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கான வேலையும் தொடக்கிவைக்கப்பட்டது.

கையெழுத்து வைத்தபோது இந்த உடன்படிக்கைகளின் வாசகங்கள் மக்களுக்கு வெளியிடப்படவில்லை. நகரத்திலோ, குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரிலோ, கிண்ணியாவிலோ, கண்டி வீதியோரக் கப்பல்துறையிலோ இருக்கும் ஒருவர், தன் வாசலுக்கு எதிரே உள்ள கடலைப் பற்றி இரண்டு அரசுகள் என்ன எழுதிக்கொண்டன என்பதைச் செய்திகளில் வந்த துண்டுகளை வைத்தே ஊகிக்க வேண்டியிருந்தது.

இந்தியாவின் கடற்பலம் வேகமாகப் பெருகுகிறது. அந்தப் பெருக்கத்துக்குள் திருகோணமலைக்கு விசேடமான ஓர் இடம் உண்டு. இந்தத் துறைமுகத்தைத் தன்னிடம் தா என்று இந்தியா கேட்கவில்லை. வேறு எவருடைய போர்க்கப்பலும் இங்கே குந்திவிடக் கூடாது என்றுதான் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகக் கேட்கிறது. அதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. அந்தக் காரணத்தை விளங்கிக்கொள்ள வாடைக்காற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

பாய்க்கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரைக்கு ஒரு பெரிய குறை இருந்தது. மெட்ராஸ், புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் எங்கேயும் போர்க்கப்பல் ஒதுங்க இடம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். ஐப்பசியில் வாடை எழும்பிப் புயலும் சேர்ந்தால் அப்படி நிற்கும் கப்பல் தப்பாது. அதனால் ஆங்கிலேயக் கடற்படை ஆண்டுதோறும் இந்திய முனையைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போய் ஒதுங்கியது. அது போய்த் திரும்பும் மாதங்களில் கிழக்குக் கரை காவலின்றிக் கிடந்தது. அந்தக் கரைக்குப் பக்கத்தில், எந்தக் காற்றிலும் ஒரு படையணி முழுவதும் பத்திரமாக நிற்கக்கூடிய இடம் திருகோணமலை ஒன்றுதான். நாகப்பட்டினத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர்.

போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லால் கோட்டை கட்டியதும், ஒல்லாந்தர் அதை 1639இல் பிடித்ததும், பிரெஞ்சுக்காரர் 1672இல் வந்து பார்த்ததும் பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கின்றன. பாடத்தில் அதிகம் பேசாத 1782ஆம் ஆண்டுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதைப் பறித்துக்கொண்டார். ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் உதவிக்கு வந்துசேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறிவிட்டது. செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரு அணிகளும் மோதின. அந்த இருவரும் ஒன்றரை ஆண்டுக்குள் மோதிய ஐந்து சண்டைகளில் இது நான்காவது. மற்றவற்றில் மூன்று சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர் கரைகளுக்கு எதிரே நடந்தன. தமிழ்நாட்டுக் கரையை எவர் ஆள்வது என்ற போட்டிக்குத் திறப்பு ஈழத்தின் கிழக்குக் கரையில் இருந்தது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தார்கள்; பிறகு 160 ஆண்டுகளுக்கு மேல் விடவில்லை. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய ஒரு போர்க்கப்பலுக்கு இந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

நீராவி வந்து, பிறகு எண்ணெய் வந்தபோது காற்றின் முக்கியத்துவம் குறைந்தது. துறைமுகத்தின் முக்கியத்துவம் குறையவில்லை. முதலாம் உலகப் போருக்குப் பின், நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய பிரித்தானியக் கடற்படைக்குச் சிங்கப்பூர் வரையான வழி நெடுக எரிபொருள் இருப்பு வேண்டியிருந்தது. சீனன்குடாவை ஒட்டிய காட்டில் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணெய்க் குதங்கள் எழும்பின. இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் சுமார் 10,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எச்சரிக்கை முன்னரே கிடைத்ததால் முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை அதே ஜப்பானிய அணியின் வேறு விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் தேடிப்பிடித்து மூழ்கடித்தன. அதில் 300க்கும் அதிகமானோர் மாண்டார்கள். ஒரு ஜப்பானிய விமானம் குதமொன்றின் மேல் விழுந்து, அது நாட்கணக்காக எரிந்தது. உருகிக் குழைந்த அந்தக் குதத்தின் இரும்பைக் காட்டிக் கதை சொல்லாத ஆள் சீனன்குடாவில் இல்லை.

1957 ஒக்டோபரில் பண்டாரநாயக்க அரசு தளத்தைப் பிரித்தானியரிடமிருந்து மீட்டது. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்று சிறிமாவோ பண்டாரநாயக்க ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைத்த யோசனை 1971 டிசெம்பர் 16ஆம் திகதி தீர்மானமாக நிறைவேறியது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும் அதே நாள்தான். அமெரிக்காவின் என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் அந்நாட்களில் வங்காள விரிகுடாவுக்குள் அனுப்பப்பட்டிருந்தது. வல்லரசுக் கப்பல் ஒன்று தன் முற்றத்துக்கு வரும்போது கையில் போதிய பலம் இல்லாதிருப்பது எப்படி இருக்கும் என்று இந்தியா அந்த மாதம் கற்றுக்கொண்டது. அதற்குப் பிந்திய இந்தியக் கடற்படைத் திட்டங்களில் அந்தப் பாடத்தின் தடம் இருக்கிறது.

1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் செய்த ஒப்பந்தத்தைத் தமிழர்கள் மாகாண சபைக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதோடு இணைந்த கடிதங்களை அவ்வளவாக எவரும் படிப்பதில்லை. திருகோணமலையோ இலங்கையின் வேறெந்தத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுக்கப்படாது என்றும், எண்ணெய்க் குதங்களைச் சீரமைத்து இயக்குவது இந்தியாவுடன் கூட்டு முயற்சியாக இருக்கும் என்றும் அந்தக் கடிதங்கள் சொல்கின்றன. அந்த ஒப்பந்தத்தால் இணைந்த வடகிழக்கு நீதிமன்றத் தீர்ப்போடு பிரிந்துபோனது. அதிகாரப் பகிர்வு அரைகுறையாக நிற்கிறது. துறைமுகம் பற்றிய வாக்குறுதி மட்டும் உயிரோடு இருந்து, வளர்ந்து, 2022 ஜனவரியில் புதிய குத்தகையாகவும் மாறியது. 99 குதங்களில் 14 இந்தியன் ஒயிலின் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49 வீதம். ஒரே ஒப்பந்தத்தில் எங்களுக்கென்று எழுதிய பக்கம் மங்கியிருக்க, துறைமுகத்துக்கென்று எழுதிய பக்கம் நிறைவேறி வருவதை என்னால் அமைதியாகப் பார்க்க முடியவில்லை.

இனி இந்தியப் பக்கத்துக்கு வருவோம். 2022 செப்டெம்பர் 2ஆம் திகதி கொச்சியில் விக்ராந்த் சேவையில் சேர்ந்தது. இந்தியா தன் கையாலேயே கட்டிய முதல் விமானந்தாங்கிக் கப்பல். 262 மீற்றர் நீளம். 2024 ஓகஸ்டில் இரண்டாவது அணுசக்தி ஏவுகணை நீர்மூழ்கி அரிகாத் விசாகப்பட்டினத்தில் சேர்ந்தது. 2025 ஜனவரி 15ஆம் திகதி மும்பையில் ஒரே நாளில் சூரத், நீலகிரி என்ற இரு போர்க்கப்பல்களும் வாக்ஷீர் என்ற நீர்மூழ்கியும் சேர்ந்தன. 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்கு பிரான்ஸுடன் ஏறக்குறைய 63,000 கோடி இந்திய ரூபாய்க்கு ஒப்பந்தம். 2035 அளவில் 175 கப்பல்கள் என்பது டில்லி சொல்லும் இலக்கு. சுதந்திரத்துக்குப் பின் நெடுங்காலம் இமயமலையையே பார்த்துக்கொண்டிருந்த நாடு, தன் எண்ணெயும் வணிகமும் கடல்வழியே வருகின்றன என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தெற்கே திரும்பியிருக்கிறது. அந்தமானில் 2001இலிருந்து கூட்டுப்படைக் கட்டளை, நிக்கோபாரின் தென்கோடியில் பாஸ், ராமநாதபுரம் உச்சிப்புளியில் பருந்து, மினிக்கோயில் ஜடாயு என்று தளங்கள் வளைந்து வருகின்றன. வரைபடத்தில் அந்த வளைவைக் கோடு போட்டு இணைத்தால், நடுவே இந்தியக் கொடி பறக்காத பெரிய துறைமுகம் திருகோணமலை.

இதில் நீர்மூழ்கிதான் விடயத்தின் நடு. மகாவலி கொட்டியாரக்குடாவில் கடலோடு சேர்கிறது. அந்தக் குடாவின் வாசலிலேயே ஒரு பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, கிழக்கே ஆழ்கடலுக்குள் இறங்குகிறது. உலகத்தின் பெரும்பாலான துறைமுகங்களில் நீர்மூழ்கி ஒன்று மூழ்கி மறையப் பல மைல் போகவேண்டும். இங்கே கரையை விட்டதுமே ஆழம் கிடைக்கிறது. அரிகாத்தும் அதற்கு முந்திய அரிஹந்தும் விசாகப்பட்டினத்தை அண்டி, வங்காள விரிகுடாவில் மறைந்திருக்க வேண்டியவை. 2024 நவம்பரில் அரிகாத் இந்த விரிகுடாவில்தான் 3,500 கிலோமீட்டர் பாயும் ஏவுகணையைச் சோதித்தது. மறைந்திருக்கும் நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பதற்குக் கடலடியின் வடிவமும், ஒவ்வோர் ஆழத்திலும் நீரின் வெப்பமும் உப்பும் தெரியவேண்டும். ஒலி எந்த வழியாகப் போகும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. சீனாவின் யுவான் வாங் 5 என்ற கப்பல் 2022 ஓகஸ்டில் அம்பாந்தோட்டைக்கும், ஷி யான் 6 என்ற ஆய்வுக் கப்பல் 2023 ஒக்டோபரில் கொழும்புக்கும் வந்தபோது டில்லி ஏன் அவ்வளவு பதறியது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. இலங்கை 2024 முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களை நிறுத்திவைத்தது. 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்பில் வந்து நின்றதையும், 2017இல் அம்பாந்தோட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனதையும் இந்தியா மறக்கவில்லை.

அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் இடையில் ஒரு வித்தியாசத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள். கிழக்கும் மேற்குமாக ஓடும் பெரும் வணிகப் பாதை தேவேந்திரமுனைக்குத் தெற்கே போகிறது. அம்பாந்தோட்டை அதற்கு அருகில், திருகோணமலை விலகி. அதனால்தான் சுமார் 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு இருந்தும் இங்கே கோதுமை, சீமெந்து, எண்ணெய், இல்மனைற்று என்று சில சரக்குகள்தான் நடமாடுகின்றன. வணிகருக்கு விலகிய இடம், வங்காள விரிகுடாவைக் காவல்செய்ய நினைப்பவருக்கு நடுவிடம்.

ஆகவே இந்தியா நிலத்தைப் பிடிக்காமல் உறவைப் பின்னுகிறது. இலங்கைக் கடற்படையின் சயுர இந்தியாவிலிருந்து வந்தது. சயுரலவும் சிந்துரலவும் கோவாவில் கட்டப்பட்டவை. 2005இல் தொடங்கிய ஸ்லினெக்ஸ் கூட்டுப் பயிற்சி 2020 ஒக்டோபரில் திருகோணமலைக் கடலில் நடந்தது. ஆறு மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் அமைந்தது. 2022 ஓகஸ்ட் 15இல் டோர்னியர் கண்காணிப்பு விமானம் கைமாறியது. இலங்கைக் கடற்படைக்கு 4,000 தொன் மிதக்கும் டொக் ஒன்றுக்கும் 2022இலேயே உடன்பாடு கண்டார்கள். கொழும்பு டொக்யார்ட் நிறுவனத்தின் பெரும்பங்கை மும்பையின் மசகோன் டொக் வாங்கப்போவதாக 2025 ஜூனில் அறிவித்தது. கப்பல் பழுதுபார்ப்பவர், எண்ணெய் சேமிப்பவர், கடலைக் கண்காணிக்கும் கருவி தருபவர் எல்லோரும் ஒரே நாட்டவராக இருக்கும்போது அங்கே தனியாகத் தளம் தேவைப்படாது. இலங்கையும் தன் பக்கத்தில் எல்லோரிடமும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது: கஜபாகுவும் விஜயபாகுவும் அமெரிக்காவின் பழைய கரையோரக் காவல் கப்பல்கள், பராக்கிரமபாகு சீனா கொடுத்தது.

இந்தப் பலத்தால் எங்களுக்கு நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2004 சுனாமியில் மூதூரும் கிண்ணியாவும் சிதைந்து கிடந்தபோது முதலில் வந்த வெளிநாட்டு உதவிகளில் இந்தியக் கடற்படையின் கப்பல்கள் இருந்தன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அடித்தபோது, இலங்கைக் கடற்படையின் 75ஆம் ஆண்டு விழாவுக்குக் கொழும்புக்கு வந்திருந்த விக்ராந்தும் உதயகிரியும் உடனே நிவாரணப் பொருட்களை இறக்கின. சுகன்யா என்ற கப்பல் நிவாரணத்தோடு திருகோணமலைக்கே வந்தது. மகாவலி கரைபுரண்டு, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, வெருகல், மூதூர்ப் பக்கத்து மக்கள் நீருக்குள் நின்ற நாட்கள் அவை. பசித்தவனுக்குச் சோறு கொண்டுவந்த கப்பலை எந்தக் கணக்கிலும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் கடற்படை என்றதும் இந்த மாவட்டத்தின் மக்களுக்கு நினைவு வருபவை வேறும் உண்டு. 1990 மார்ச் 24இல் இந்திய அமைதி காக்கும் படையின் கடைசிப் பிரிவு கப்பலேறியது இந்தத் துறைமுகத்திலிருந்துதான். 1995 ஏப்ரல் 19இல் கடற்புலிகள் சூரய, ரணசுரு என்ற இரு கப்பல்களைத் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கடித்ததோடு அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்தம் முடிந்தது. மறுபடியும் வருடக்கணக்கான போர். கடற்படைத் தளத்துக்குள் 'கன்சைட்' என்று அழைக்கப்பட்ட இரகசியத் தடுப்பு இடத்தை 2015 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் வலிந்து காணாமலாக்கப்பட்டோர் பற்றிய பணிக்குழு நேரில் பார்த்தது. பிள்ளையைத் தேடும் தாய்மார் இன்றும் வீதியில் நிற்கும் ஊரில், கடல்சார் பாதுகாப்பு என்ற சொல் டில்லியின் கருத்தரங்குகளில் ஒலிப்பதுபோல ஒலிக்காது.

சம்பூரைப் பாருங்கள். குடாவின் தென்கரையில், துறைமுக வாசலை நேரே பார்த்தபடி இருக்கும் ஊர். அந்த இருப்பிடமே அதன் வினையாயிற்று. புலிகளின் பீரங்கி அங்கிருந்து துறைமுகத்தை எட்டியது. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சில் சனம் ஓடியது. செப்டெம்பரில் இராணுவம் பிடித்தது. பின் உயர் பாதுகாப்பு வலயம், பின் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடு நிலக்கரி மின்நிலையத் திட்டம். மக்கள் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் முகாம்களில் கிடந்து 2015இலிருந்துதான் திரும்பினார்கள். நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதே கழகமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து இப்போது அங்கே சூரிய மின்நிலையம் அமைக்கின்றன. புகை இல்லாத மின்சாரம் வருவது நல்லது. நான் அதை வரவேற்கிறேன். வயலும் மேய்ச்சல் தரையும் திரும்பாதவர்களின் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

சீனன்குடாப் பக்கத்தில் நிலம் வேறு விதமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. 1980களில் துறைமுக அதிகார சபைக்கென்று பெரும் பரப்பு ஒதுக்கப்பட்டது. துறைமுகம் அந்தக் கற்பனை அளவுக்கு ஒருபோதும் வளரவில்லை. வளராத துறைமுகத்தின் பேரில் தலைமுறைகளாக வேளாண்மை செய்தவர்களுக்கு உறுதி கிடைக்கவில்லை. முத்துநகர் விவசாயிகளின் வயல்கள் தனியார் சூரிய மின்திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டபோது, 2025 செப்டெம்பரில் அவர்கள் மாவட்டச் செயலகத்தின் முன் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எரிசக்தி மையம் என்று கொழும்பில் கையெழுத்தாகும் சொல்லுக்கு இங்கே இடிபட்ட வரம்பும் மண் நிரப்பிய குளமும் என்று பொருள் வந்துவிடக் கூடாது.

கடற்றொழிலாளருக்கு வேறு கவலை. போர்க்காலத்தில் நேவி பாஸ் இல்லாமல் வள்ளம் இறக்க முடியாது. இரவுத் தொழில் தடை. அந்தத் தடைகள் போய்விட்டன. சுருக்குவலையும் டைனமைட்டும் போகவில்லை. வடக்கே பாக்கு நீரிணையில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் எங்கள் வலைகளை அறுக்கின்றன. அந்தப் படகுகளில் கூலிக்கு வருபவர்களோ இங்கே சிறையில் கிடக்கிறார்கள். சேர்ந்து பயிற்சி செய்யும் இரு நாட்டுக் கடற்படைகளும் இரண்டு கரையின் ஏழைத் தமிழர் இடையே உள்ள இந்த ஒரு வழக்கைத் தீர்க்க வழி செய்யவில்லை. இழுவைமடித் தொழிலை நிறுத்துவதற்கும், அதிலிருந்து வருபவர்களுக்கு மாற்றுத் தொழில் கொடுப்பதற்கும் ஆகும் செலவு ஒரு போர்க்கப்பலின் விலையில் சிறு துண்டு.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து திருகோணமலைக்குக் கடலடியில் எண்ணெய்க் குழாய் ஒன்று பேச்சில் இருக்கிறது. சுஃப்ரெனும் ஹியூசும் மோதிய அதே நீரின் அடியால் அது வரும். எந்த இடத்தில் கரையேறும், எந்தக் கரைவலைப் பாட்டின் மேல் போகும், எத்தனை மைலுக்கு வலை வீசத் தடை வரும், குதங்களைச் சுற்றி எவருடைய காணிக்கு மீண்டும் வேலி விழும் என்பதெல்லாம் வரைபடத்தில் கோடு விழுவதற்கு முன் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் தமிழிலும் சிங்களத்திலும் மேசைக்கு வரவேண்டும். மூதூர், கிண்ணியா, சம்பூர், கொட்பே கடற்றொழிலாளர் சங்கங்களும் முத்துநகர் விவசாயிகளும் அந்த மேசையில் உட்கார வேண்டும். 2025 ஏப்ரல் உடன்படிக்கைகளின் முழு வாசகமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.